திரையைக் காதால் படிப்பது: மண்டபத்திலிருந்து சில குறிப்புகள்

இரண்டு வேறு விஷயங்களை நம்ம ஆட்கள் ஒரே பையில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கம்ப்யூட்டர் நம்மிடம் பேசுவது. திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும், நாம் விசைப்பலகையால் பதில் சொல்லுவோம். இன்னொன்று, நாம் கம்ப்யூட்டரிடம் பேசுவது. "திற", "மூடு", "கீழே போ" என்று வாயால் சொல்ல, அது செய்யும். முன்னதற்கு ஸ்க்ரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறோம். பின்னதைக் குரல்வழிக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். "பேசுற கம்ப்யூட்டர்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எது எதற்கு என்பது போய்விடும், வாங்குகிறவர் தப்பானதை வாங்கிவிடுவார்.

கண் தெரியாதவருக்கு வேண்டியது முதலாவது. அவருக்குக் கை இருக்கிறது, விரல் இருக்கிறது; தெரியாதது திரையில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். கை வராதவருக்கு வேண்டியது இரண்டாவது. எங்கள் கடற்கரையில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். அது தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விழும், சில நேரம் கையும் சேர்ந்து விழும். அப்படிப்பட்டவருக்குத் திரை நன்றாகத் தெரியும், மவுஸைத்தான் பிடிக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க முடியாது.

இந்தக் குறிப்பு எழுதக் காரணம் என் மாமா. மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறார். படகு வாரியாக டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, அன்றைய பாட்டில் கணவாய் எத்தனை கிலோ, நண்டு எத்தனை கிலோ, பங்கு யார் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் கையில். முதலில் நோட்டு, பிறகு எக்ஸெல். கண் நீர் அழுத்தம் என்று மதுரையில் சொன்னார்கள். அந்த நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது திரையை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாலும் எண் தெரிவதில்லை. முதலாளி நல்லவர்தான். ஆனாலும், "மெதுவா ஒரு பையனப் பழக்கிவிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாமாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "மாப்ள, பாக்காம கணக்கு எழுத முடியுமா, முடியாதா? சுத்தி வளைக்காமச் சொல்லு."

முடியும் என்றேன். ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்றால், மாமா டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணியவர், இங்கிலீஷும் தமிழும். எண்பதுகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கையைப் பார்க்காமல் அடிக்கப் பழகிய தலைமுறை அது. பார்த்து அடித்தால் மாஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். இன்றைக்கு இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு விரலால் அடிக்கிற பிள்ளைகளைவிட, கண் தெரியாமல் போனால் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொள்ள இவர்களுக்குத்தான் வசதி. இப்போதைய விசைப்பலகையிலும் எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். ஆள்காட்டி விரல்கள் அங்கே உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கிடைக்கும்.

சரி, திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது? பலரும் நினைப்பதுபோல அது திரையைக் "பார்த்து" வாசிப்பதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு என்பது கண்ணுக்கான அடையாளம். பகலில் உருவம், இரவில் விளக்கு. தங்கச்சிமடத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அது தெரியாது. ஆனால் ரேடியோவில், "பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று சொன்னதும் அவருக்கும் சேதி கிடைத்துவிடுகிறது. ரேடியோக்காரர் கூண்டைப் படம் பிடித்து அனுப்பவில்லை. அதன் எண்ணைச் சொன்னார். கம்ப்யூட்டரிலும் அதேதான். ஒரு நிரல் பொத்தானை வரையும்போது, பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பும் வைக்க வேண்டும்: இதன் பெயர் "சேமி", இது ஒரு பொத்தான், இப்போது அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறது. பெயர், வகை, நிலை, இந்த மூன்றும் முக்கியம். இயங்குதளம் இந்தக் குறிப்புகளையெல்லாம் ஒரு மரம்போல அடுக்கி வைத்திருக்கும். திரைவாசிப்பான் அந்த மரத்தில்தான் ஏறி இறங்குகிறது. மைக்ரோசாஃப்ட் இதற்கான முதல் ஏற்பாட்டை 1997-ல் கொண்டுவந்தது.

குறிப்பு வைக்க மறந்த நிரலில் என்ன நடக்கும்? "பொத்தான்" என்று மட்டும் கேட்கும். அம்பு விசையை அழுத்தினால் மறுபடி "பொத்தான்". எண் சொல்லாத கூண்டு. அழகான படம் போட்ட பொத்தான் பன்னிரண்டு இருந்தாலும் காதுக்கு ஒன்றுதான். ஆகவே ஒரு செயலி நல்லதா கெட்டதா என்று மாமாவுக்குச் சொல்ல நான் அதன் தோற்றத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். திரையை அணைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போவேன். பத்துத் தட்டுக்குள் விஷயம் தெரிந்துவிடும்.

வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஐபிஎம்மில் ஜிம் தாட்சர் 1980களில் எழுதியது ஆரம்ப கால முயற்சிகளில் முக்கியமானது. ஸ்க்ரீன் ரீடர் என்ற பெயரே அந்த நிரலின் பெயர்தான். டெட் ஹென்டர் என்ற மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்து, பிறகு புரோகிராமிங் படித்து ஜாஸ் என்ற நிரலைக் கொண்டுவந்தார். முதல் பதிப்பு 1989-ல், டாஸுக்காக. ஜாஸ் இன்றும் இருக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், பார்க்கிறவர் கம்ப்யூட்டர் வாங்கினால் திரை கூடவே வருகிறது, பார்க்காதவர் மட்டும் ஏன் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் என்விடிஏ-வை எழுத ஆரம்பித்தார். அவரோடு சேர்ந்தவர் ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர். இலவசம், மூல நிரலும் திறந்தது. அதன் மெனுவும் செய்திகளும் தமிழிலும் கிடைக்கின்றன. மாமாவின் கம்ப்யூட்டரில் போட்டது இதைத்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2003 மே மாதம் புனேயில் பேசிய ஒரு பேச்சு உண்டு. பில் கேட்ஸைச் சந்தித்தபோது மென்பொருள் பற்றிய பேச்சில் தங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததைச் சொல்லிவிட்டு, நூறு கோடிப் பேர் உள்ள நாட்டுக்குத் திறந்த மூல மென்பொருள்தான் பயன்படும் என்று வாதாடினார். அன்றைக்கு அது பாதுகாப்பு, செலவு பற்றிய பேச்சாகத்தான் பலர் காதிலும் விழுந்திருக்கும். திறந்த மூலம் என்றால் நடைமுறையில் என்ன என்று எனக்குப் புரிந்தது மாமா வீட்டுத் திண்ணையில், ஒரு ஊர்ப் பெயரின் உச்சரிப்பைத் திருத்தியபோதுதான். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் குரல். திரைவாசிப்பான் என்பது வேறு, அதன் குரல் என்பது வேறு. ஒரே நிரலுக்குப் பல குரல்களை மாற்றி மாற்றிப் போடலாம். என்விடிஏ-வோடு கூடவே வருவது ஈஸ்பீக் என்ற குரல். ஜோனதன் டடிங்டன் என்பவர் தொடங்கியது. இது மனிதர் பேசிய சொற்களைப் பதிவு செய்து ஒட்டியதல்ல. வாயும் தொண்டையும் எழுப்பும் அதிர்வுகளைக் கணக்குப் போட்டே பெரும்பாலான ஒலியை உண்டாக்குகிறது. கேட்டால் தகர டப்பாவுக்குள் யாரோ பேசுவதுபோல இருக்கும். மாறாக விண்டோஸில் தமிழ் மொழிப் பொதியைப் போட்டால் இயல்பான ஆண் குரல் ஒன்று கிடைக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற பெயர் வள்ளுவர். இந்தப் பெயரில் நாம் முந்திக்கொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் குழு 2001 வாக்கிலேயே செய்த தமிழ்ப் பேச்சு நிரலுக்குப் பெயர் திருக்குறள். பின்னர் சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இந்திய மொழிகளுக்குக் குரல் செய்து, அவற்றைத் திரைவாசிப்பான்களோடும் இணைத்தார்கள்.

எந்தக் குரல் நல்லது? புதிதாகக் கேட்கிறவர் எல்லாரும் வள்ளுவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மாமாவும் முதல் வாரம் அப்படித்தான். ஆனால் பல வருஷமாகத் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களில் நிறையப் பேர் அந்தத் தகர டப்பாவிலேயே இருக்கிறார்கள். காரணம் வேகம். நாம் கண்ணால் ஒரு பக்கத்தை மேலோட்டமாக ஓட்டிப் பார்ப்பதைக் காதால் செய்ய வேண்டும் என்றால் சாதாரணப் பேச்சைப்போல இரண்டு மூன்று மடங்கு வேகம் வேண்டும். பதிவு செய்த மனிதக் குரலை அவ்வளவு ஓட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். கணக்கில் பிறந்த ஒலி எத்தனை வேகத்திலும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தட்டும்.

இனி தமிழுக்கே உரிய சிக்கல். பாம்பன் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், தொண்டையில் கை வைத்துக்கொண்டு. முதல் 'ப' வரும்போது தொண்டை அதிராது. 'ம்'-க்குப் பின் வருகிற 'ப' அதிரும். எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. தங்கச்சிமடத்தில் 'ங்'-க்குப் பின் வருகிற 'க' அதிரும். உச்சிப்புளியில் இரட்டித்து வருகிற 'ச்சி', 'ப்பு' இரண்டும் அதிராது. மண்டபத்தில் 'ட'வும் அதிரும், உயிரோசைகளுக்கு நடுவே வருகிற 'ப'வும் அதிரும். இதையெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, தாய்ப்பாலோடு வந்தது. கம்ப்யூட்டருக்குத்தான் விதியாக எழுதித் தர வேண்டும்: சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, இரட்டித்தால் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் அதிர்வோசை, இரண்டு உயிரோசைகளுக்கு நடுவில் மெலிந்த ஓசை. நாலு விதியில் பெரும்பாலான தமிழ்ச் சொற்கள் அடங்கிவிடும். நம் எழுத்துமுறை இந்த விஷயத்தில் ரொம்பச் சிக்கனமானது. இங்கிலீஷுக்கு இதைவிட எத்தனையோ மடங்கு விதியும் விலக்கும் வேண்டும்.

விதி உடைகிற இடம் எது தெரியுமா? எங்கள் மாவட்டத்தின் பெயர். ராமநாதபுரம் என்பதில் 'பு' இரண்டு உயிரோசைகளுக்கு நடுவில் இருக்கிறது. விதிப்படி அது மண்டபத்தின் 'ப'போல அதிர வேண்டும். ஆனால் நாம் அப்படியா சொல்கிறோம்? நாதன் வேறு, புரம் வேறு என்று நம் வாய்க்குத் தெரியும்; புரத்தின் தொடக்கத்தை வல்லோசையாகவே சொல்கிறோம். முதுகுளத்தூரில் 'கு' அப்படித்தான், முது தனி, குளத்தூர் தனி. தேவிபட்டினமும் அதே கதை. இரண்டு சொல் ஒட்டிய தழும்பு எழுத்தில் தெரியாது, காதுக்குத் தெரியும். விதியை மட்டும் நம்புகிற குரல் இந்த இடங்களில் சறுக்கும். வடமொழி, இங்கிலீஷ் சொற்கள் வந்தால் இன்னும் மோசம்: பஸ், டீசல், கம்பெனி என்று வரிக்கு வரி கணக்குப் புத்தகத்தில் வருகிறதே.

திருத்த வழி உண்டு. என்விடிஏ-வில் ஒரு பேச்சு அகராதி இருக்கிறது. இந்த எழுத்துக்கோவை வந்தால் அதற்குப் பதில் இதைப் படி என்று நாம் எழுதி வைக்கலாம். 'ராமநாதபுரம்' என்று வந்தால் 'ராமநாதப்புரம்' என்று படி என்று வைத்தால், இரட்டித்த 'ப்பு' வல்லோசையாகிவிடும். எழுத்தைக் கெடுத்து ஓசையைச் சரிசெய்கிற வேலை; தமிழாசிரியர் பார்த்தால் அடிப்பார், ஆனால் திரையில் எழுத்து மாறாது, காதுக்கு மட்டும்தான். 'கி.கி.' என்று வந்தால் 'கிலோ' என்று படிக்கச் சொன்னோம். இதைவிட ஆழமாகப் போக வேண்டுமானால் ஈஸ்பீக்கின் தமிழ் விதிக் கோப்பே சாதாரண எழுத்துக்கோப்பாக இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தம் அனுப்பலாம். மூடிய நிரலில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கலாம் சொன்னதை நான் திண்ணையில் நினைத்துக்கொண்டது இதற்காகத்தான்.

குரல் சரியானாலும் கோப்பு சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. உள்ளூர் டிடிபி சென்டரில் அடித்துத் தந்த ஒரு சங்க அறிக்கையை மாமா திறந்தார். முதல் வரியிலேயே, "எம், கே, செமிகோலன், கே, ஹெச்". என்னவென்று பார்த்தால் 'அம்மா' என்ற சொல். பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த முறையில் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, இங்கிலீஷ் எழுத்துகள்; அவற்றின் மேல் தமிழ் உருவத்தை முகமூடிபோல மாட்டியிருக்கிறார்கள். கண் முகமூடியைப் பார்த்து ஏமாறும். காது நேராக உள்ளே போய்விடும். அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில்லும் இதே சாதிதான். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆணை போட்டது ஒரு நாள். டைப்பிஸ்ட் கை பழகியது இருபது வருஷம். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் ஒரு நிமிஷ வேலை.

இதைவிட நுணுக்கமான ஒன்று 'ஔ'. ஔவையார் என்று அடிக்கச் சோம்பல்பட்டு 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டுவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. திரைவாசிப்பான் கூச்சமில்லாமல் 'ஒளிந்த' என்ற சொல்லில் வருகிற 'ஒள' ஓசையிலேயே அந்த மூதாட்டியைக் கூப்பிடும். ஸ்கேன் செய்து பிடிஎஃப்-ஆக ஏற்றுகிற சுற்றறிக்கையோ இன்னும் மோசம். அது வெறும் போட்டோ, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. வாசிப்பானுக்கு வெற்றுக் காகிதம். கூகுள் டிரைவில் ஏற்றினால் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும், அச்சு தெளிவாக இருந்தால் ஓரளவுக்கு நம்பலாம்.

எக்ஸெல்லுக்கு வருகிறேன், மாமாவின் வயிற்றுப்பாடு அதில்தான். அம்பு விசையால் கட்டம் கட்டமாக நகரும்போது "18500, சி 4" என்று சொல்லும். சி 4 என்றால் டீசலா ஐஸா என்று எப்படித் தெரியும்? தலைப்பு வரிசையில் நின்றுகொண்டு என்விடிஏ விசை, ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், இதுதான் பத்தித் தலைப்பு என்று அது குறித்துக்கொள்ளும். அதன்பிறகு பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் "டீசல்", "ஐஸ்", "கணவாய்" என்று தலைப்பைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொல்லும். இந்த ஒரு விசைக்கூட்டு இல்லாவிட்டால் மாமா இரண்டாம் நாளே விட்டிருப்பார். எண் படிப்பதில் ஒரு வேடிக்கை: இங்கிலீஷ் குரலில் வைத்தால் 150000 என்பதை நூற்றைம்பது ஆயிரம் என்று இங்கிலீஷில் சொல்லும். முப்பது வருஷமாக ஒன்றரை லட்சம் என்றே யோசித்த மூளை அதை மாற்றிப் போடத் திணறும். தமிழ்க் குரலை வைத்துக்கொண்டார்.

என்விடிஏ விசை என்றேன். அது இன்சர்ட் விசை; சின்ன லேப்டாப்பில் அது மூலையில் கிடக்கும் என்பதால் கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். அதோடு 1-ஐ அழுத்தினால் பழகும் நிலை வரும்; எந்த விசையை அழுத்தினாலும் வேலையைச் செய்யாமல் அதன் பெயரையும் பயனையும் மட்டும் சொல்லும். புதியவரை ஒரு மணி நேரம் அதில் விட்டுவிடலாம், எதுவும் கெடாது. கன்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சு உடனே நிற்கும். "முதல்ல இத எப்படிச் சும்மா இருக்கச் சொல்றதுன்னு சொல்லு" என்றுதான் மாமாவே கேட்டார்.

குரல்வழிக் கட்டுப்பாடு பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் தமிழருக்கு அதில் கிடைப்பதே குறைவு. விண்டோஸ் 11-ல் வாய்ஸ் அக்சஸ் என்று இருக்கிறது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். எங்கள் பக்கம் இது பெரிய சௌகரியம். பொத்தானின் பெயரைச் சொல்லி அழுத்தலாம். பெயர் தெரியாவிட்டால், எண்களைக் காட்டு என்ற கட்டளையைச் சொன்னதும் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் ஒட்டிக்கொள்ளும். எண்ணைச் சொன்னால் போதும். அதுவும் பிடிபடாத இடத்துக்குக் கட்டம் போடும் முறை: திரையை ஒன்பதாகப் பிரிக்கும், ஒரு கட்டத்தைச் சொன்னால் அதை மறுபடி ஒன்பதாக்கும், மூன்று நாலு முறையில் எந்தப் புள்ளிக்கும் போய்விடலாம். ஆனால் கட்டளையெல்லாம் இங்கிலீஷ் முதலான சில மொழிகளில்தான். நம் ஊர் உச்சரிப்புக்கு இந்திய இங்கிலீஷ் என்று ஒரு தேர்வு உண்டு. தமிழ் கிடையாது. ஆப்பிள் 2019-ல் மேக்கிலும் ஐபோனிலும் கொண்டுவந்த வாய்ஸ் கன்ட்ரோலிலும் எண், கட்டம் இரண்டும் உண்டு.

இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். லாம், ஹெட்செட் மாட்டிக்கொண்டு. இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் வாசிப்பான் பேசுவதைக் குரல் நிரல் கேட்டு, அதையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசித் தானே கீழ்ப்படிகிற கூத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மாமாவுக்கு அது வேண்டியதுமில்லை. கம்பெனியில் ஐஸ் உடைக்கிற சத்தத்திலும் ஏலச் சத்தத்திலும் எந்த மைக் என்ன செய்யும்? தவிர, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வாயால் சொல்லி எழுத அவர் விரும்பவில்லை. "கணக்குங்கிறது காதுக்குள்ளயே இருக்கணும் மாப்ள." ஒரு காதில் மட்டும் இயர்போன், மறு காது ஏலத்துக்கு.

ஆனால் கடிதம் எழுத, சேதி அனுப்பத் தமிழில் பேசலாம். 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. கட்டளை வேறு, தட்டச்சு வேறு என்பதைக் கவனியுங்கள்: சொன்னதை எழுதும், சொன்னபடி கோப்பைத் திறக்காது. தமிழ்ப் பேச்சைப் பிடிப்பது கடினம் என்பதற்கு நம் இலக்கணமே ஒரு காரணம். இங்கிலீஷில் நாலைந்து சொல்லாக உடைகிறது நமக்கு 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்' என்று ஒரே சொல்லாக நிற்கும். ஒரு வினைச்சொல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் வடிவம் பிறக்கும். எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்ட முடியாது. அடுத்தது, எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் இன்னொன்று. மூன்றாவது ஊர் வழக்கு. மேல்காற்றைக் கச்சான் என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும், கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் சொல்லுவோம். ஒரு குரல்தட்டச்சில் "கச்சான் அடிக்குது" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். காற்று ஒரு தடவைகூட வரவில்லை.

சட்டம் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் தொழில்நுட்பமும் எல்லாரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகள் அவை. இணையவழி கேஒய்சி-யில் கேமரா முன் கண் சிமிட்டு என்று கேட்கிறார்களே, இமையே சிதைந்தவர் என்ன செய்வார், முகத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவா என்றால் பார்க்காதவர் எப்படிக் கொண்டுவருவார் என்பதுதான் கேள்வி. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தருகிற வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் நீதிமன்றம் பிறப்பித்தது. தீர்ப்பு வந்து வெகு நாள் கழித்து மாமா தன் வங்கிச் செயலியைத் திறந்தார். முகப்பில் ஆறு பொத்தான். "பொத்தான், பொத்தான், பொத்தான்." இதைக் கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுக்க ஒரு மனு தயார் செய்தோம், தீர்ப்பின் தேதியோடு. அடித்தது மாமா, நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். இரண்டு இருந்தது.

காற்றின் பெயருக்கு வருகிறேன். மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திரையில் வருகிற தமிழ் வாக்கியத்தைப் படித்துக் குரலைக் கொடுக்கலாம், மற்றவர் படித்ததைக் கேட்டுச் சரி, தவறு என்று சொல்லலாம், புது வாக்கியங்களும் சேர்க்கலாம். சேர்ந்த குரல்கள் எல்லாருக்கும் பொதுவில் கிடைக்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைச் சேகரித்து வெளியிடுகிறது. நான் இப்போது மீன்களின் பெயரும் காற்றின் பெயரும் வருகிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்களை எழுதி வைக்கிறேன். சீலா, ஊழி, விளமீன், காரல், நகரை. வாடை, கச்சான், கொண்டல், சோழகம். பாம்பன், தங்கச்சிமடம், தொண்டிப் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிற மாதிரியே இரண்டு மூன்று வாக்கியம் அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறேன். வாக்கியம் பதினைந்து சொல்லுக்குள் இருக்கட்டும், எண்களை எழுத்தால் எழுதுங்கள், ஆள் பெயர் வேண்டாம்.